எவர்சில்வர் தட்டில் எடுத்த ஹைட்ரஜன்

கொல்லம் ஆண்டு 1187, ஆடி மாதம். ஆங்கிலக் கணக்கில் 2012 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. எங்கள் வீட்டில் யாரும் அந்த மாதத்தை இப்படிக் குறிப்பிடுவதில்லை. "எலையில சாப்பிட்ட மாசம்" என்பார்கள். ஆண்டும் மாதமும் இல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொன்னால் எனக்குத் தொண்டையில் மீன்முள் நிற்பதுபோல இருக்கும். அதனால் முதலில் அதைப் பதிந்துவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் வீடு தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும். அந்த வருடம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. வெளியே ஊரையே தூக்கிக்கொண்டு போகிற ஆடிக்காற்று. அதில் அத்தனை காற்றாலைகளும் சுற்றும். வீட்டுக்குள் ஒரே ஒரு மின்விசிறி, அது மட்டும் சுற்றாது. இந்த அநியாயத்தைத் தாங்க முடியாமல் மாடியில் நின்று திட்டிக்கொண்டிருந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் பல வருடங்களாக வளைகுடாவில் வேலை பார்த்தவர். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற ஒரு ஆலை அது. அவருடைய வேலை அங்கே மீட்டர் பார்ப்பது. ஆனால் ஊரில் பேசும்போது ஆலையே அவர் தோளில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். புதிய விசாவுக்கு ஏஜென்ட் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவும் தன் பதிலைச் சொல்லியிருந்தாள். "இனி ஒரு தடவ போனேளுன்னா அங்கனயே ஒரு வீட்டப் பாத்துக்கிடுங்க. இங்க வராண்டாம்." கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மழைக்காலம் தேறாது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தானுக்கும் போக மனமில்லை. ஆனால் இங்கே என்ன வேலை இருக்கிறது? மீட்டர் பார்ப்பதற்கு நாஞ்சில் நாட்டில் ஹைட்ரஜன் ஆலை கிடையாது.

"இல்லேன்னா உண்டாக்கணும் மாப்ள," என்றார் என்னிடம். "காத்து சும்மா கெடைக்கி. தண்ணி சும்மா கெடைக்கி. ரெண்டையும் சேத்தா ஹைட்ரஜன். கரி இல்ல, பொக இல்ல. ஹைட்ரஜன் இல்லாட்டி உரம் உண்டா? வனஸ்பதி உண்டா? கண்ணாடி உண்டா?"

"வாங்குறதுக்கு ஆளு உண்டா?" என்று கேட்டாள் அக்கா.

ஆள் இருந்தார். வடசேரியில் நகைப்பட்டறை வைத்திருந்தவர், அத்தானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். சிலிண்டர் கிடைக்காமல் அவருடைய பட்டறையில் ஆட்கள் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு நாள் வந்து ஊறுகாய்ப் பரணியில் அத்தான் செய்துவைத்திருந்த முதல் ஏற்பாட்டைப் பார்த்தார். காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகள். லாரி ஆல்டர்னேட்டரில் பிளாஸ்டிக் குழாயைக் கீறி இறக்கை வைத்து அத்தான் மாடியில் நட்டிருந்த காற்றாலையிலிருந்து அவற்றுக்கு வயர் வந்தது. கரண்டிகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"சோடா மாதிரி இருக்கு," என்றார் பட்டறைக்காரர்.

"லேய், இது ஹைட்ரஜன்."

"மக்கா, இத வச்சு ஒரு மூக்குத்திகூட ஊத முடியாது. கூட்டிப் பண்ணு. ஒரு நாள் மதியம் முழுக்க என் கொழாய்ல நிக்காம தீ வரட்டும், நான் வாங்குதேன். எழுதியே தாறேன்."

அவர் போனதும் அத்தான் வீட்டுக்குள் வந்து சுவரில் இருந்த தட்டு ஸ்டாண்டைப் பார்த்தார். பரணியில் இருந்து பக்கெட்டுக்கும் பக்கெட்டிலிருந்து டிரம்முக்கும் போவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நிறைய எவர்சில்வர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் அதில் தங்கள் பெயரையும் தேதியையும் வெட்டித்தான் கொடுப்பார்கள். அக்காவின் கல்யாணத் தட்டுகளில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க இருந்தது. பெரியப்பா, சித்தப்பா, அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், கோயில் பாடகர் குழு. தேதி போட்டிருந்ததால் எனக்கு அந்தத் தட்டுகளின்மேல் தனி மரியாதை. சாப்பிடும்போது இன்று யார் தட்டு என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

"ஒண்ணு ரெண்டுதான்," என்றார் அத்தான் அக்காவிடம்.

முதலில் ஒன்று இரண்டு. ஒரு வாரம் போனதும் ஸ்டாண்டில் ஸ்டாண்ட் மட்டும் இருந்தது. மாடியில் நீல நிற டிரம்முக்குள் தட்டுகள் அடுக்கிவைத்த ஆப்பம்போல, இடையிடையே ரப்பர் துண்டு வைத்து, நின்றன. ரப்பர் குலசேகரத்தில் சொந்தக்காரர் தோட்டத்தில் இருந்து வந்தது. நாங்கள் வாழையிலையில் சாப்பிட ஆரம்பித்தோம். கறி, அவியல் இருந்தால் இலை சந்தோஷமான விஷயம். பழைய கஞ்சியை இலையில் சாப்பிடுவது எப்படி என்று இதுவரை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா வந்தார். வந்தவருக்கு அம்மா இலை போட்டதும் அவர் முகம் மலர்ந்தது, ஏதோ விசேஷம் என்று நினைத்தார். பிறகு ஸ்டாண்டைப் பார்த்தார்.

"ஏட்டி, எந் தட்ட எங்க?" என்றார் அக்காவிடம். "கனத்த தட்டாக்கும் அது. பேரு வெட்டுனதுக்கு மட்டும் தனிக்கூலி."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அவரை மாடிக்கு அழைத்துப் போய் டிரம்மைக் காட்டினார்.

"சித்தப்பா, நீங்க இப்ப நெகட்டிவ்ல இருக்கீங்க," என்றார் பெருமையாக. "உங்ககிட்ட இருந்துதான் ஹைட்ரஜன் வருது."

"நானா நெகட்டிவ்?"

"அதுதான் நல்ல பக்கம். பெரியப்பா பாசிட்டிவ். அவர் பேரு பாதி கரைஞ்சு போச்சு."

சித்தப்பா எட்டிப் பார்த்தார். தன் பெயர் பளபளவென்று இருப்பதையும், எதிரில் அவருடைய அண்ணன் பெயர் பழுப்பேறி எழுத்து எழுத்தாக மறைந்துகொண்டிருப்பதையும் கண்டார். இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. சித்தப்பா அதற்குப் பிறகு தட்டைக் கேட்கவில்லை. அந்த வாரம் இன்னொரு தடவையும் வந்து அண்ணன் எவ்வளவு கரைந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்.

உண்டாக்குவது சரி, சேர்த்துவைப்பது எங்கே? வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கோபர் காஸ் இருந்தது. சாணத்தைக் கரைத்து ஊற்றினால் அதிலிருந்து வரும் வாயுவில் அடுப்பு எரியும் ஏற்பாடு. எங்கள் மாவட்டத்தில் ஒரு காலத்தில் மாடு வைத்திருந்த பல வீடுகளில் இது உண்டு. தரையில் ஒரு குழி, அதில் சாணக் கரைசல், கரைசலின்மேல் கவிழ்த்துவைத்த ஒரு பெரிய இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். எங்கள் வீட்டில் மாட்டை விற்று, சிலிண்டர் வந்து, அடுப்புக்குப் போன குழாயையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டிரம் குழிக்குள் அடிமட்டத்தில் கிடந்தது. கோழிகள் அதன்மேல் வெயில் காய்ந்தன.

அத்தான் அதைப் பார்த்ததும் கண்கலங்கினார் என்றே சொல்லலாம். "மாப்ள, அங்க இதே சாமான் கோடிக்கணக்குல கெட்டியிருக்கான். இங்க கோழி ஒக்காந்திருக்கு."

குழியைச் சுத்தம் செய்ய வேண்டாமா என்று கேட்டேன். தண்ணீர் நின்றால் என்ன, கரைசல் நின்றால் என்ன, வாயு வெளியே போகாமல் அடைக்கத்தானே என்றார். வெட்டிவிட்ட குழாயின் வாயை ரப்பரும் எம்சீலும் வைத்து அடைத்தார். டிரம்மின் ஓட்டைகளைத் தேடித்தேடி அடைத்தார். அந்த வேலையை அவர் செய்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு அங்குலம் அங்குலமாகத் தடவி, குமிழி வருகிற இடத்தைக் குழந்தையின் மூச்சைக் கவனிக்கிறவர்போலக் காது வைத்துக் கேட்டு அடைத்தார். மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் மதில்மேல் வந்து, ஒரு சைக்கிள் டியூப் வால்வு வழியாக டிரம்முக்குள் போனது. உள்ளே போனது திரும்பி வராமல் இருக்க அந்த வால்வு.

மறுநாள் காலையில் டிரம் எழும்பியிருந்தது. அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள். நான் சாக்பீஸ் எடுத்து, குழியின் விளிம்புக்கு நேராக டிரம்மின்மேல் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த நாள் அந்தக் கோடு டிரம்மோடு மேலே போயிருந்தது, அதற்குக் கீழே இன்னொரு கோடு. காற்று பலமாக அடித்த நாளிலும் எழும்பியது, கொஞ்சம் அடங்கிய நாளிலும் எழும்பியது. அத்தான் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுப் பார்த்தார். ஏஜென்ட் போன் செய்தபோது, "இங்க ஒரு புராஜெக்ட் போகுது, பாத்துச் சொல்லுதேன்" என்றார். அக்கா சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். அன்று எங்களுக்குப் பாயசம் கிடைத்தது, இலையில்.

ஒரு தவறு மட்டும் என்னால் நேர்ந்தது. சாப்பிடும்போது, ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு ஆகாயக் கப்பல் 1937 மே ஆறாம் தேதி தீப்பிடித்து விழுந்தது என்றும், அது ஒரு வியாழக்கிழமை என்றும் சொல்லிவிட்டேன். அம்மா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"ஆண்டவரே, அதையா பொறத்தால வச்சிருக்கோம்?"

"எதுக்கு மாப்ள இப்ப தேதியெல்லாம்?" என்று அத்தான் பல்லைக் கடித்தார்.

அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் வந்தன. டிரம்முக்குப் பக்கத்தில் அடுப்பு, பீடி, கொசுவர்த்தி, எதுவும் கூடாது. சமையலறை ஜன்னல் பின்பக்கம் பார்த்து இருந்ததால் அடுப்பு முன்னறைக்கு வந்தது. சோபாவுக்கும் டெலிவிஷனுக்கும் நடுவே மீன் குழம்பு கொதித்தது. யாரும் சோதனைக்காகக்கூட தீ பற்றவைக்கக் கூடாது, பட்டறைக்காரர் வரும் நாள்வரை. ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, அதற்கு வாசனையும் கிடையாது, ஆகையால் அதுதான் உலகிலேயே மோசமான தீ என்று அத்தான் தினமும் பிரசங்கம் செய்தார். "நெறமில்ல, மணமில்ல," என்பது எங்கள் வீட்டில் வேதவசனம்போல ஆகிவிட்டது. அம்மாகூட ரசம் சரியில்லாத நாளில் அதைச் சொன்னாள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பட்டறைக்காரர் தன் ஊதுகுழலும் ஒரு துண்டு வெள்ளியுமாக வந்தார். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்புத் தொப்பியையும் வைத்திருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். விசாவா வீடா என்பது அன்று மதியம் தெரிந்துவிடும்.

அன்று பார்த்து காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. மாடியில் அத்தானின் காற்றாலை ஒரு இறக்கையைக்கூட அசைக்கவில்லை.

"காத்தே இல்லியே மக்கா," என்றார் பட்டறைக்காரர்.

"இல்லேன்னா என்ன? அதுக்குத்தானே சேத்து வச்சிருக்கேன்," என்று அத்தான் டிரம்மைத் தட்டினார். டிரம் கழுத்துவரை எழும்பி நின்றது. காலையில் நான் போட்ட கோடு இப்போது கொஞ்சம் மேலே ஏறியிருப்பதைப் பார்த்தேன். வெயிலில் வாயு விரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். படித்தவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையிருப்பில் இருக்கும்.

டிரம்மிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஊதுகுழலில் மாட்டினார்கள். தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால் அத்தான் ஒரு ஈர்க்குச்சியில் காகிதம் செருகி எங்கள் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

பக் என்று பற்றியது. நன்றாகத் தெரிந்தது. அழகான நீலத் தீ.

"தெரியாதுன்னு சொன்னியே?"

"கொஞ்சம் தெரியும்," என்றார் அத்தான்.

பட்டறைக்காரர் வெள்ளித் துண்டைத் தீயில் பிடித்தார். தீ நிற்காமல் எரிந்தது. அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பட்டறைக்காரர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார், பிறகு இன்னும் ஒரு தரம்.

"லேய், ஒனக்க ஹைட்ரஜன் என்னத்துக்குடே இப்படி மணக்கு?"

நெறமில்ல மணமில்ல என்பதை எங்களில் யாரும் அப்போது சொல்லவில்லை. அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா ஒரு கூடையோடு பின்வாசலில் வந்தாள். சக்கைப்பழக் காலம் அது. வெளியூர்க்காரர்கள் பலாப்பழம் என்பதை நாங்கள் சக்கை என்போம். கூடை நிறைய உரித்த மடல், அதன்மேல் பக்கத்து வீட்டு மாடு எங்கள் முற்றத்தில் போட்டுவிட்டுப் போன சாணம், கையில் ஒரு சட்டி கஞ்சித் தண்ணீர். எல்லோரும் நிற்பதைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக டிரம்முக்குப் பக்கத்தில் முன்பு சாணம் கரைத்து ஊற்றிய சிறிய தொட்டியின் மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் கொட்டி, ஒரு கம்பால் குத்தி உள்ளே தள்ளினாள்.

"மாமி," என்றார் அத்தான். "என்ன செய்யுதீங்க?"

"சக்கை மடலு மருமவனே. பின்ன எங்க போட?"

"எப்பம் இருந்து போடுதீங்க?"

"என்னைக்கும் இங்கனதானே போடுதேன். மாட்ட வித்த நாள் மொதக்கொண்டு. நாறாம கெடக்கும்லா." அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தாள். "ஏன், ஹைட்ரஜன்ல போடப்பிடாதா?"

பட்டறைக்காரர் முதலில் மரியாதைக்காக அடக்கிக்கொண்டார். பிறகு ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விஷயம் எளிது. அம்மா இத்தனை வருடமாகக் கொட்டிக்கொண்டே இருந்தாள், வாயு உண்டாகிக்கொண்டே இருந்தது, வெட்டிய குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. அத்தான் அதை அடைத்தார், டிரம் எழும்பியது. எங்கள் ஹைட்ரஜன் என்ன ஆயிற்று என்பதும் பிறகு தெரிந்தது. மதில்மேல் போன பிளாஸ்டிக் குழாயை அணில் கடித்து வைத்திருந்தது. சித்தப்பா தந்த அத்தனை ஹைட்ரஜனும் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கே திரும்பிப் போயிருந்தது.

அத்தான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் விமானத்தில் ஏறுவது கண்முன்னே தெரிந்தது.

"மக்கா, இது எனக்க பட்டறைக்கு ஆவாது," என்றார் பட்டறைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சூடு காணாது. தாலிய சாணி மணத்தோட குடுத்தா மாமியாக்காரி சும்மா இருப்பாளா?"

"போடே, சிரிச்சது போதும்."

"சிரிக்கல மக்கா. வேற ஒண்ணு கேக்கேன். எனக்க வீட்லயும் இது ஒண்ணு செத்துக் கெடக்கு. தம்பி வீட்ல ஒண்ணு. எவனக் கூப்பிட்டாலும் ஓட்டைய அடைக்கத் தெரியாது, புதுசு போடுன்னு சொல்லுதான். நீ இத எப்படி அடைச்ச? ஒரு சொட்டு லீக் இல்லியே."

"நான் ஹைட்ரஜன்ல வேல பாத்தவன்," என்றார் அத்தான், முகத்தைத் தூக்கி. "உலகத்துலயே சின்ன வாயு. அதையே லீக் ஆகாம பிடிச்சவன். சாணி காஸுக்கு நான் வரணுமா?"

"சிலிண்டர் இல்லாம வீட்ல சோறு பொங்கல டே."

"நான் வரமாட்டேன்."

"நாளைக்கி வருவாவ," என்றாள் அக்கா. "காலம்பற வருவாவ. கூலி என்னன்னு நீங்களே யோசிச்சு வைங்க, கொறைச்சுப் போடப்பிடாது. பிரஷ்ஷும் சோப்பும் அவங்களே கொண்டு வருவாவ."

அத்தான் அவளைப் பார்த்தார். "ஏட்டி, நான் சாணியில கைய விடணுமா?"

"எங்க அம்மைக்க சாணியில ஒரு மாசமா கைய விட்டுட்டுதானே நிக்கீங்க. இனி என்ன?"

மறுநாள் வடசேரிக்குப் போனார். வெள்ளைச் சட்டையில்தான் போனார், தொப்பியையும் எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பட்டறைக்காரரின் தம்பி வீட்டு வேலையும், தம்பியின் மாமனார் வீட்டு வேலையும் சேர்ந்து வந்திருந்தன. மாமனார் ஊர் இரணியலுக்குப் பக்கம், அங்கே ஒரு தெருவுக்கே செத்த டிரம்கள் கிடந்தனவாம். சிலிண்டருக்கு வரிசை நின்ற காலம் அது.

ஆடி கடைசி நாளன்று ஏஜென்ட் போன் செய்தார். அத்தான் இரணியலில் இருந்தார். போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார், அல்லது மறக்கவில்லை. அக்கா எடுத்தாள்.

"இல்ல, அவங்க இல்ல. வேலைக்குப் போயிருக்காவ... இங்கனதான், பக்கத்துல... இல்ல, இனி வரமாட்டாவ."

வைத்துவிட்டு, மாடிக்குப் போய் டிரம்மைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாள். அன்று மத்தியானம் தட்டில் சாப்பிட்டோம். எனக்கு வந்தது பெரியப்பாவின் தட்டு. திருப்பிப் பார்த்தேன். பெயர் போயிருந்தது, தேதி மட்டும் இருந்தது. எனக்கு அது போதும்.

அடுப்பு சமையலறைக்குத் திரும்பியது, இந்த முறை பின்பக்கத்து டிரம்மிலிருந்து ஒரு குழாயோடு. அத்தான் மட்டும் அது கோபர் காஸ் என்பதை ஒத்துக்கொள்வதில்லை. டிரம்முக்குள் கொஞ்சம் ஹைட்ரஜனும் கட்டாயம் போயிருக்கும், அணில் கடிப்பதற்கு முன்னால் போனது என்பது அவர் கட்சி. கடித்த தேதியை நான் குறித்துவைக்காததால் மறுக்க முடியவில்லை.

இது நடந்து பத்தாண்டு முடிகிற சமயத்தில் பத்திரிகைகளில் காற்றாலை மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுப்பது பற்றிச் செய்திகள் வரத் தொடங்கின. ஒரு நாள் அத்தான் சாணக் கறை படிந்த கையோடு அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனார்.

"மாமி, நான் அன்னைக்கே சொன்னேன்லா? பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் எறங்குதான்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தாள். பெரிய பெரிய உருளைத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

"இத்தனைக்கும் சக்கை மடலுக்கு எங்க போவான் மருமவனே?" என்றாள்.